போகிற வழிதானே

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க இந்தத் தடவை அவசியமில்லாமல் போய்விட்டது. நீ நலமாக இருக்கிறாய் என்பது நேற்று லூர்து மாமா வந்து உன்னைத் திட்டிய திட்டிலேயே தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரி பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஒம் புள்ள பெரிய மனுசனாயிட்டான் மாப்ள. தாய்மாமன் வந்து வாசல்ல நிக்கிறேன், கையில கட்டியிருக்கிற வாட்சப் பாக்குறான்" என்றார். காப்பி போடுகிறேன் என்று உள்ளே போன உன் அம்மா வெளியே வரவே இல்லை. நான் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு.

மாமா சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இவ்வளவுதான். வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றுகிற வேலையாக அவர் பாண்டிச்சேரிக்கு வந்திருக்கிறார். காலையிலேயே உன் அறைக்கு வந்து, ஆபீசுக்குப் போகலாம் வா, நீ கூட இருந்தால் ஒரு தைரியம் என்று கூப்பிட்டிருக்கிறார். நீ அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, எந்த ஆபீஸ், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லி, ரிக்ஷாவும் பேசி ஏற்றிவிட்டு, "மாமா, காலைல நான் டாக்டருங்களப் பாத்தாவணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் ஒங்க ஆளு" என்று சொல்லியிருக்கிறாய். அவர் தனியாகவே போய், மனுவைக் கொடுத்து, வேலையையும் முடித்துவிட்டார். சாயங்காலம் சொன்னபடி நீ வந்து, அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், நல்ல ஓட்டலில் சாப்பிட வைத்து, உன் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டு நீ தரையில் படுத்திருக்கிறாய். இதையும் அவரேதான் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றையும் குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி சொன்னார்.

சிரிப்பு என்று எழுதிவிட்டேனே தவிர, அது நிம்மதி தம்பி. மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை கிடைத்திருக்கிறது என்று நீ வந்து சொன்ன நாளிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். நீ நன்றாகப் பேசுவாய், வெயிலுக்கு அஞ்ச மாட்டாய், இல்லாததை இருக்கிறதென்று சொல்ல மாட்டாய். அதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னுடைய முகதாட்சண்யம் உனக்கும் வந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் பயம். போதாக்குறைக்கு உன்னைப் போட்டது பாண்டிச்சேரியில். நம் ஊர்க்காரனுக்கு எந்தக் காகிதத்தில் முத்திரை விழ வேண்டுமென்றாலும் கடலூர் தாண்டி அங்கேதான் போயாக வேண்டும். காரைக்காலில் வீட்டுக்கு ஒரு வேலையாவது அங்கே முடியாமல் கிடக்கும். அந்த ஊரில் நம் பையன் ஒருத்தன், அதுவும் ஒரு நாற்காலியில் உட்காராமல் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற வேலையில் இருக்கிறான் என்று தெரிந்தால் விடுவார்களா? சுற்றுகிறவனைப் பார்த்தால் எல்லாருக்கும் அவன் சும்மா இருப்பதாகத்தான் தோன்றும். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே நான் ஆயில் இன்ஜின் விற்கிற டிப்போவில் சேர்ந்துவிட்டேன். வயலில் போர் போட்டுத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின். ஊர் ஊராகப் போய் விற்பதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தது. அப்போது நம் தெருவில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். காலையில் அதை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கும். தருமபுரத்தில் மகள் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி மீன் குழம்பு. கோட்டுச்சேரிமேட்டில் வலை பின்னக் கொடுத்தவரிடம் ஒரு செய்தி. மாங்கனித் திருவிழா வந்தால் சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம். ஒரு தடவை கால் கட்டிய இரண்டு கோழிகளை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு நெடுங்காடு வரைக்கும் போயிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். "போற வழிதானே சார்."

நானும் அதைத் தொழில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு உபகாரம் செய்தால் நாற்பது பேர் நம்மிடம் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வண்டி கம்பெனியுடையது, பெட்ரோல் கம்பெனியுடையது, பொழுதும் கம்பெனியுடையது, நல்ல பெயர் மட்டும் என்னுடையது. மீன் குழம்பு கொடுத்தனுப்பியவர்களில் ஒருவருக்காவது ஒரு குழி நிலம் இருந்ததா என்று நான் யோசித்ததே இல்லை. போகிற வழி என்பது ஒரு நாளும் வழியாக இருக்காது தம்பி. போகிற இடத்தில் உட்காரச் சொல்வார்கள், மோர் கொடுப்பார்கள், பதிலுக்கு ஒரு சட்டி வாங்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். விவசாயி வயலைப் பார்த்துவிட்டு வந்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச உட்காருகிற ஒரு பொழுது இருக்கிறது. இன்ஜின் விற்பது அந்தப் பொழுதில்தான். நான் அந்தப் பொழுதுக்கெல்லாம் யார் வீட்டிலாவது மோர் குடித்துக்கொண்டிருப்பேன்.

நீ ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த வருஷம் அது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் மேலே இருக்கிறவர்கள் நாற்று நட்டு முடித்துவிடுவார்கள். அந்த வருஷம் திறப்பதே தள்ளிப் போயிற்று. விவசாயிக்குக் கஷ்டகாலம், ஆயில் இன்ஜின் விற்கிறவனுக்குத் திருவிழா. அந்தத் திருவிழாவிலும் நம் டிப்போவில் ஒன்றும் நகரவில்லை. மெட்ராசிலிருந்து வந்த மேனேஜர் என்னை உட்கார வைத்து, ஆடி பிறப்பதற்குள் இங்கே விற்பனை தெரியாவிட்டால் டிப்போவை மூடிவிட்டு உங்களை அனந்தப்பூர் பக்கம் அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் இங்கே யாரும் புது இரும்பு வாங்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. உன் அம்மாவுக்கு அப்போதுதான் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகியிருந்தது. நான் அனந்தப்பூர் போனால் ஒன்று அவள் அந்த வேலையை விட வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு ஊரிலும் நீங்கள் இருவரும் ஒரு ஊரிலும் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் திருநள்ளாற்றுக்கு மேற்கே கலியபெருமாள் என்கிற விவசாயி ஒருவர் கிடைத்தார். அண்ணன் தம்பி, பங்காளிகள் எல்லாருடைய நிலமும் ஒரே வரிசையில் இருந்தது. அவர் ஒருவர் வாங்கினால் அந்த வரிசையே வாங்கும். வயலில் ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்கள், தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றார். நாளும் அவரே குறித்தார். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க சார். வர்ற புதன்கெழம வாங்க. பன்னண்டு மணிக்கு ராகுகாலம் பொறந்துரும், அதுக்கு முன்னாடி தண்ணி வந்துரணும்" என்றார். இன்ஜினை முன்தினமே மாட்டுவண்டியில் அனுப்பிவிட்டேன். மெக்கானிக்கைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுக்கிறேன், வாசலில் லூர்து மாமா நிற்கிறார். கோயில் திருவிழாவுக்கு அவர் வீட்டில் விருந்து. தருமபுரத்தில் ஒருவரிடம் நல்ல ஆடு இருக்கிறதாம், விலை பேச வேண்டுமாம். "போற வழிதானே மாப்ள, எறக்கி விட்டுட்டுப் போயிரு" என்றார். உன் அம்மாவின் அண்ணன், எப்படி முடியாது என்பது? மெக்கானிக்கை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, அவன் ஏற வேண்டிய சீட்டில் மாமாவை ஏற்றிக்கொண்டேன். போதாததற்குப் பங்குச் சாமியார் வழியிலிருக்கிற கிளைக் கோயிலுக்கு ஒரு மெழுகுதிரிப் பெட்டி கொடுத்தனுப்பினார். ஆட்டுக்காரர் வீட்டில் மாமா இறங்கினாரே தவிர என்னை விடவில்லை. நீ வியாபாரி, உனக்கு விலை பேசத் தெரியும், ஒரு நிமிஷம் என்றார். ஆட்டின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், விலை கேட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் கோபித்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார். நான் வெட்கமில்லாமல் அந்த ஆட்டுக்காக ஆயில் இன்ஜினுக்குப் பேசுவதைவிட நன்றாகப் பேசினேன்.

நான் போய்ச் சேரும்போது உச்சி தாண்டிவிட்டது. இன்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. விலையும் தவணையும் பேச வேண்டிய ஆள் வராமல் எப்படிக் கிளப்புவது என்று மெக்கானிக் பக்கத்தில் குந்தியிருந்தான். பங்காளிகள் எல்லாரும் காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள். வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி, சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள், அதுவும் சனீஸ்வரன் ஊரில். மற்ற நாளில் பங்காளிகள் எல்லாரும் சேர மாட்டார்கள், இனிமேல் அடுத்த புதன்தான் என்றார் கலியபெருமாள். ஆடி பிறப்பதற்கு முந்தைய கடைசிப் புதன் அது. அவர் கோபப்படவில்லை. வரப்பில் என் கூடவே வண்டி வரைக்கும் நடந்து வந்தார். "நீங்க நல்ல மனுசருதான் சார். ஆனா ஊருக்கே வண்டி ஓட்டுறீங்க. எங்களுக்கு இஞ்சினுல்ல ஓடணும்" என்றார். மாயவரத்திலிருந்து வேறு கம்பெனிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதையும், தம்பி ஒருவன் அவர் பக்கம் சாய்வதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். ஆட்டுக்கதையை விழுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன், சொந்த அண்ணன் விஷயமாயிற்றே. அவள் டீச்சர், விட்டுப்போனதைக் கண்டுபிடித்துவிடுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "ஒங்களுக்கு இல்லன்னு சொல்ல வராது. அது எனக்குத் தெரியும். நாளைலேர்ந்து வாசல்ல நான் நிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். அனந்தப்பூர் என்கிற பெயரை அவள் அன்றைக்கு எடுக்கவே இல்லை, ஆனால் வாரி முடித்த உன் தலையை மறுபடியும் முதலிலிருந்து வாரினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எதிர் வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். திருநள்ளாற்றில் அவருடைய நாத்தனார் லாட்ஜ் வைத்திருந்தார், அங்கே கொடுக்க வேண்டுமாம். உன் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, கொஞ்சமும் கூசாமல், "இன்னைக்கு மேற்கே சூலமாச்சே அக்கா. அவரு அந்தப் பக்கம் போவல" என்றாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பது பஞ்சவர்ணம் அக்காவுக்கு வேதவாக்கு. ஆனால் அதை ஒரு கிறிஸ்தவ வீட்டு வாசலில் நின்று கேட்க நேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பாத்திரத்தோடு திரும்பிவிட்டார். கொடுமை என்னவென்றால், நான் போக வேண்டியதும் அன்றைக்கு மேற்கேதான். வண்டியைக் கடற்கரைப் பக்கமாக விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு திருநள்ளாற்றுச் சாலையைப் பிடித்தேன். நான் போன கையோடு பஞ்சவர்ணம் அக்கா ஒரு கட்டி வெல்லத்தோடு மறுபடியும் வந்தாராம். மேற்குச் சூலத்துக்கு வெல்லம் பரிகாரம், வாயில் போட்டுக்கொண்டு போனால் தோஷம் இல்லையாம். உன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் நம் வீட்டில் வெல்லக் காப்பி.

இந்த மாதிரிச் செய்தி நம் ஊரில் நடந்து போகாது, பறக்கும். மறுநாளே பங்குச் சாமியார் வந்துவிட்டார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் சூலம் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். நான் எழுந்து நின்றவன் உட்காரவில்லை. உன் அம்மா, "நாங்க பாக்கல சாமி. கேக்குறவங்கதான் பாக்குறாங்க" என்றாள். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, அப்படியானால் என் மெழுகுதிரிப் பெட்டிக்கு எந்தத் திசையில் சூலம் என்று கேட்டார். "அதுக்கு எல்லாத் திசையிலயும் சாமி" என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெட்டியை இனி பஸ்ஸில் அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். படி இறங்கும்போது மட்டும், பொய் பொய்தானம்மா, நேராகச் சொல்லிப் பார், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும் என்றார்.

அந்தப் பேச்சு அவளைத் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "காலைல அவரு கம்பெனி ஆளு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒங்க ஆளு." முடியாது என்கிற வார்த்தையே அதில் இல்லை. ஆறு மணிக்கு மேல் பாதிப் பேர் வரவில்லை. காலையில் தலை போகிற அவசரமாக இருந்தது சாயங்காலம் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. வந்தவர்களுக்கு நான் மனதாரச் செய்தேன், செய்யும்போது நெஞ்சில் ஒரு உறுத்தல் இல்லாமல் செய்தேன். அதற்கு முன்னால் ஒரு உபகாரத்தைக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. அந்த நாட்களில் காலை வேளை முழுவதும் கலியபெருமாள் வீட்டுப் பக்கம்தான் இருந்தேன். வாங்க முடியாத நாள் என்றால் பேசவும் கூடாதா என்ன? ஒவ்வொருவருடைய வயலுக்கும் போய், எவ்வளவு ஆழத்தில் தண்ணீர், எந்த மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் டீசல் செலவு எவ்வளவு ஆகும் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தீர்க்காமல் அந்த வீடுகளில் ஒரு திருகாணிகூட விற்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த புதன்கிழமையும் வந்தது. வண்டியை வெளியே எடுக்கிறேன், வாசலில் மாமா நிற்கிறார், கையில் கயிறு, கயிற்றின் முனையில் அதே ஆடு. ஆடு சரியாகத் தின்ன மாட்டேன் என்கிறதாம், ஏமாற்றிவிட்டான், தருமபுரத்துக்குப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார அவர் தயாராகவே இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பின்சீட்டைத் துடைக்க நான் துண்டை எடுத்துவிட்டேன். உன் அம்மா இறங்கி வந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி வாசல் தூணில் கட்டினாள். "அண்ணே, ஆடு இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவரு ஒங்க ஆளு, ஒங்களையும் ஆட்டையும் அவரே கொண்டுபோவாரு. காலைல மாட்டாரு" என்றாள். கூடப் பிறந்தவனிடமா இப்படிப் பேசுகிறாய் என்றார் அவர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. எனக்கு வண்டியைக் காட்டி, போங்க என்று தலையை மட்டும் அசைத்தாள். வாசலில் காத்திருந்த மெக்கானிக் ஏறிக்கொண்டான். தெரு திரும்புகிற வரைக்கும் மாமா என்னைத் திட்டுவது வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அன்றைக்கு ராகுகாலத்துக்கு வெகு முன்னாலேயே இன்ஜின் கிளம்பியது. முதலில் குழாயில் காற்று வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு திடீரென்று கையளவு கனத்துக்குத் தண்ணீர். வெடித்துக் கிடந்த வயலில் அது ஓடுகிற சத்தம் ஒன்று இருக்கிறது. கலியபெருமாள் குனிந்து இரண்டு கையாலும் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்து, "உப்பு இல்ல" என்றார். மாயவரத்துக்காரர் பக்கம் சாய்ந்திருந்த தம்பி அவரிடமே வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லாரும் நம்மிடம் வாங்கினார்கள். மோர் குடிக்கச் சொன்னார்கள். அந்த மோரை நான் ரசித்துக் குடித்தேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நான் இருக்க வேண்டிய இடம் அதுதான். அவர்கள் வயலைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். டிப்போவை மூடுகிற பேச்சு அதோடு போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாசலில் ஆடு இல்லை. மாமா அதைப் பிடித்துக்கொண்டு அப்போதே நடந்தே போய்விட்டாராம். கிறிஸ்துமஸ் வரைக்கும் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ கல்நெஞ்சுக்காரனாகிவிடாதே. சில மாதம் கழித்து ஒரு காலையில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். நிறைமாதமாக இருந்த மனைவிக்கு வலி கண்டு, குழந்தை வெளியே வரவில்லையாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு நல்ல கிராக்கி காத்திருந்தது. நான் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வாசற்படியை விட்டு விலகி, "இதுக்கு நேரம் காலம் கெடையாது, ஓடுங்க" என்றாள். போய் டாக்சிக்காரரை எழுப்பி, முன்னால் வழிகாட்டிக்கொண்டே போய்க் கூட்டி வந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கிராக்கி மறுநாள் வாங்கிக்கொண்டார். உயிர் போகிற அவசரமும் ஆடு வாங்குகிற அவசரமும் வாசலில் வந்து நிற்கும்போது ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். வித்தியாசம் பார்க்க நான் பழகிக்கொண்டேன். நீயும் பழகிக்கொள்.

உன் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டருக்கும் வெற்றிலையை எடுத்து வைக்கிற பொழுது ஒன்று இருக்கத்தான் செய்யும். நோயாளிகள் குறைந்து, நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் உனக்குச் சம்பளம். மற்றதெல்லாம் அதற்குப் போய்ச் சேருகிற வழி. அந்த நேரத்தை மாமாவுக்கு மட்டுமல்ல, ரிப்போர்ட் எங்கே என்று காலையில் கேட்கிற உன் மேனேஜருக்கும் கொடுக்காதே, டீக்கடையில் கூடுகிற உன் கூட்டாளிகளுக்கும் கொடுக்காதே. முக்கியமாக உனக்கே கொடுக்காதே. ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் பயந்துகொண்டு, சின்னச் சின்ன மருந்துக்கடைகளாக ஏறி இறங்கி, உழைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். நான் மீன் குழம்பு தூக்கியதில் பாதி அந்தப் பயத்தினால்தான் என்று இப்போது தோன்றுகிறது. கலியபெருமாள் முன்னால் போய் உட்கார்ந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதைவிடத் தூக்குச்சட்டி தூக்குவது சுலபம். காலையைக் காப்பாற்றினால் சாயங்காலம் தானாக உன் கைக்கு வரும், உனக்குக் கல்யாணமானால் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.

நேற்றைய கதையை முடிக்கவில்லையே. மாமா திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நீயும் ரிட்டையராகிச் சும்மாத்தானே இருக்கிறாய், உன் பிள்ளைக்குக் கொஞ்சம் மரியாதை சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்றார். அப்போதுதான் உன் அம்மா காப்பியோடு வெளியே வந்தாள். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, "அவன் சொன்னது அவன் வார்த்தை இல்ல அண்ணே, என் வார்த்தை. அன்னைக்கு ஒங்க ஆட்ட நான் தூணுல கட்டுனேனே, அந்தத் தூணு பக்கத்துல ஒக்காந்து ஆட்டுக்கு முருங்கக்கொழ குடுத்துக்கிட்டிருந்தான்" என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அன்றைக்கு நான் வண்டியையும் மாமாவையும் பார்த்தேனே தவிர உன்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக, இவன் என் பிள்ளையாயிற்றே, என்ன ஆவானோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீ அவளுக்கும் பிள்ளை என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மாமா காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், அது நல்ல ஆடுதான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றார். போகும்போது, பையன் ரொம்ப மெலிந்திருக்கிறான், நேரத்துக்குச் சாப்பிடச் சொல் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இனிமேல் பயமில்லை தம்பி. நேற்று வெகுநாளைக்கு அப்புறம் படுத்ததும் தூங்கிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பலாம் என்றாள். வேண்டாம், யாரிடமும் போகிற வழிதானே என்று கேட்க வேண்டாம், பார்சலில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அவசரமில்லை. எழுதினால் ஆறு மணிக்கு மேல் எழுது.

அன்புடன்,
அப்பா